ஆயாவின் ஆப்பிள் உதிரி: எது சரியாக வரவில்லை, ஏன் வரவில்லை

பெரம்பூரில் எங்கள் வீட்டில் இதற்கு ஆப்பிள் உதிரி என்று பெயர். வெளியே ஆப்பிள் கிரம்பிள் என்பார்கள். கீழே வெந்த ஆப்பிள், மேலே மாவும் வெண்ணெயும் சர்க்கரையும் சேர்த்து உதிர்த்துத் தூவிய மொறுமொறுப்பு, அவ்வளவுதான். தாத்தா லோகோ ஒர்க்ஸில் வேலை பார்த்த காலத்தில் பக்கத்து வீட்டு ஆங்கிலோ இந்திய ஆன்ட்டியிடம் ஆயா கற்றுக்கொண்டது. ஆன்ட்டி சொல்லச் சொல்ல, பால் கணக்கு எழுதும் நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஆயா பென்சிலால் குறித்துவைத்திருக்கிறார். ஆன்ட்டி குடும்பம் ஆஸ்திரேலியா போய்விட்டது. நோட்டு என்னிடம் இருக்கிறது.

சொந்தக்காரப் பெண்கள், பிள்ளைகள் எல்லாருக்கும் அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்பியாகிவிட்டது. செய்து பார்த்துவிட்டு எனக்குத்தான் போன் செய்வார்கள். "அக்கா, தண்ணியா போச்சு." "அக்கா, மேல வேகவே இல்ல." அப்படி வந்த புகார்களை, அவர்கள் சொன்ன வார்த்தையிலேயே தலைப்பாகப் போட்டு, காரணத்தையும் செய்ய வேண்டியதையும் எழுதுகிறேன். உங்கள் தட்டில் என்ன தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடுங்கள்.

முதலில் நோட்டில் உள்ள அளவு. ஆப்பிள் ஒன்றரை பவுண்டு, அதாவது 680 கிராம். ஆப்பிளுக்குச் சர்க்கரை 4 அவுன்ஸ், 115 கிராம். மேல்மாவுக்கு மைதா 6 அவுன்ஸ், வெண்ணெய் 3 அவுன்ஸ், சர்க்கரை 3 அவுன்ஸ். ஒரு அவுன்ஸ் 28 கிராமுக்குச் சற்று மேல். ஆக மைதா 170, மற்ற இரண்டும் தலா 85 கிராம். பட்டை கொஞ்சம், கிராம்பு இரண்டு. 'அவன் 375, முக்கால் மணி' என்று முடிகிறது. அந்த 375 பாரன்ஹீட். நம் வீட்டு அவனில் 190 டிகிரி வைக்க வேண்டும். எட்டு அங்குலக் கண்ணாடித் தட்டு ஒன்றுக்கு இது சரியான அளவு.

இந்தக் குறிப்பில் தப்பு இல்லை. இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம், ஒரு தடவை சரியாக வரவில்லை என்றால் எல்லாரும் முதலில் மாவைக் கூட்டுகிறார்கள், வெண்ணெயைக் கூட்டுகிறார்கள், யாரோ சொன்னார்கள் என்று பேக்கிங் பவுடர் போடுகிறார்கள். மூன்றாவது தடவை செய்யும்போது அது ஆயாவின் பண்டமாகவே இருப்பதில்லை. மாறிப்போனது ஆப்பிள், வெண்ணெய், அடுப்பு, செய்யும் நேரம். இந்த நான்கில் எது என்று கண்டுபிடித்து, ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்றிப் பாருங்கள்.

"கீழ தண்ணியா நிக்குது"

அதிகம் வரும் புகார் இதுதான். கரண்டி விட்டதும் தட்டின் மூலையில் சாறு குளம் கட்டி நிற்கும்.

ஆப்பிளில் நூற்றுக்கு எண்பத்தைந்து பங்கு தண்ணீர். சர்க்கரை பட்டதும் அது வெளியே வரும். வெள்ளரிக்காயில் உப்புப் போட்டு வைத்தால் தண்ணீர் விடுகிறதே, அதே வேலை. நம் வீட்டுச் சூட்டில் இன்னும் சீக்கிரம் நடக்கும். ஆப்பிளை நறுக்கிச் சர்க்கரை கலந்து வைத்துவிட்டு, அப்புறம் மேல்மாவு பிசைய உட்கார்ந்தால் அரை மணியில் அடியில் கால் டம்ளர் சாறு தேங்கியிருக்கும்.

ஆகவே வரிசையை மாற்றுங்கள். மேல்மாவு முதலில். அது ஃப்ரீசரில் இருக்கும்போது ஆப்பிள் நறுக்குங்கள். தட்டு அவனுக்குள் போகும் நிமிடத்தில்தான் சர்க்கரை கலக்க வேண்டும். ஏற்கெனவே சாறு விட்டுவிட்டதா? கொட்டிவிடாதீர்கள், ருசி அதில்தான் இருக்கிறது. வடித்து ஒரு சின்னப் பாத்திரத்தில் ஊற்றி, பாகு மாதிரிக் கெட்டியாகும்வரை சுண்டவைத்துத் திரும்ப ஆப்பிள் மேல் ஊற்றுங்கள்.

சாறு அதிகம் விடும் பழம் என்று தெரிந்தால் ஒரு மேசைக்கரண்டி சோளமாவைச் சர்க்கரையோடு கலந்து ஆப்பிளில் பிரட்டுங்கள். ஆனால் சோளமாவு கெட்டியாவதற்குச் சாறு நன்றாகக் கொதிக்க வேண்டும். கண்ணாடித் தட்டின் ஓரத்தைப் பாருங்கள்: தெளிந்த சாறு சின்னச் சின்னக் குமிழியாக வந்தால் இன்னும் ஆகவில்லை. குமிழி பெரிதாக, மெதுவாக, பாயசம் தளதளப்பது போல் வெடித்தால் ஆகிவிட்டது. நேரத்தைவிட இதை நம்புங்கள்.

வெளியே எடுத்ததும் வெட்டக் கூடாது. இருபது நிமிடம் விடுங்கள். ஆறும்போதுதான் சாறு இறுகும். பிள்ளைகள் கரண்டியோடு நிற்பார்கள், இருந்தாலும் விடுங்கள்.

இன்னொரு காரணம் உண்டு. நோட்டில் 'ஆப்பிளை உப்புத் தண்ணீரில் போடவும்' என்று ஒரு வரி இருக்கிறது. கறுக்காமல் இருக்கத்தான். ஆனால் அரை மணி ஊறிய துண்டை வடித்து அப்படியே போட்டால் அந்தத் தண்ணீரும் கூடவே போகும். எலுமிச்சைச் சாறு ஒரு கரண்டி பிரட்டினாலே கறுப்பது நின்றுவிடும். லேசாகக் கறுத்தாலும் பட்டைத்தூளில் தெரியாது. நான் உப்புத் தண்ணீரை விட்டுவிட்டேன்.

"மேல்மாவு உதிரல, சப்பாத்தி மாவு மாதிரி ஆயிடுச்சு"

இந்தப் பண்டத்தின் உயிர் இந்த இடத்தில்தான் இருக்கிறது, கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன்.

குறிப்பில் 'வெண்ணெயை மாவில் விரலால் தேய்க்கவும்' என்று மட்டும் இருக்கிறது. எப்போது, எந்தச் சூட்டில் என்று இல்லை. ஆயாவிடம் கேட்டபோதுதான் தெரிந்தது. ஆன்ட்டி இதைக் கிறிஸ்துமஸ் சமயத்தில், விடியற்காலையில் செய்வாராம். டிசம்பர் விடியலில் சென்னையிலேயே 21, 22 டிகிரிக்கு இறங்கும். அந்தச் சூட்டில் வெண்ணெய் கெட்டியாக நிற்கும். நாம் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பதினொரு மணிக்கு, இரண்டு அடுப்பு எரிகிற சமையலறையில் செய்கிறோம். அங்கே 33 டிகிரி இருக்கும். அது வெண்ணெய் உருகத் தொடங்குகிற சூடு. உருகிய வெண்ணெய் மாவைச் சுற்றி ஒட்டிக்கொண்டு, அதிலிருக்கும் தண்ணீரும் மாவோடு சேர்ந்து, உருண்டையாகிவிடும். கை என்ன செய்யும் பாவம்.

நான் செய்வது இப்படி. மைதாவையும் சர்க்கரையையும் அகலமான எவர்சில்வர் தாம்பாளத்தில் கலந்து தாம்பாளத்தோடு ஃப்ரீசரில் பதினைந்து நிமிடம் வைப்பேன். வெண்ணெய் முந்தின ராத்திரியிலிருந்தே ஃப்ரீசரில் இருக்கும். கேரட் துருவியின் பெரிய கண்ணில் வெண்ணெயைத் துருவி மாவின் மேலேயே விழவிடுவேன். காகிதத்தோடு பிடித்துத் துருவினால் கைச்சூடு படாது. நான்கைந்து தடவை துருவியதும் முட்கரண்டியால் கிளறி மாவு பூசிவிட்டு, மறுபடி துருவ வேண்டும். இல்லாவிட்டால் துருவல் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொள்ளும்.

அப்புறம்தான் விரல். உள்ளங்கை படவே கூடாது, அது சூடு. கட்டைவிரலை ஆள்காட்டி விரல், நடுவிரல் மேல் தள்ளி, கட்டு நோட்டை எண்ணுவது போல மாவைத் தேய்த்து மேலிருந்து விட வேண்டும். விழும்போது காற்றுப் பட்டு ஆறும். இரண்டு நிமிடம், அதிகம் போனால் மூன்று நிமிடம். எல்லாம் ஒரே மாதிரி ரவையாக வேண்டியதில்லை. பாதி ரவை, பாதி உளுந்து, நடுநடுவே கொண்டைக்கடலை அளவில் சில கட்டிகள். அந்தக் கட்டிகள்தான் வாயில் நறுக்கென்று கடிபடும்.

ஆயா ஒரு சோதனை சொல்லிக்கொடுத்தார். அது புட்டு மாவுக்குச் செய்யும் சோதனைதான். ஒரு பிடி எடுத்து அழுத்தினால் பிடிபட வேண்டும். விரலால் தட்டினால் உதிர வேண்டும். பிடிபடாமலே கொட்டினால் வெண்ணெய் இன்னும் பரவவில்லை. தட்டியும் உதிராமல் உருண்டையாகவே நின்றால் உருகிவிட்டது. ஆன்ட்டி இதைச் சொல்லித் தரவில்லையாம். ஆயா தன் கையறிவில் சேர்த்துக்கொண்டது. நோட்டில் எழுதாமல் விட்ட அந்த ஒன்றை எழுதிவைக்க வேண்டும் என்றுதான் இதையெல்லாம் உட்கார்ந்து எழுதத் தொடங்கினேன்.

பிசைந்த மாவாகவே ஆகிவிட்டதா? தூக்கிப் போட வேண்டாம். கவரில் வைத்துத் தட்டையாக அழுத்தி முக்கால் மணி ஃப்ரீசரில் வையுங்கள். கல் மாதிரி ஆனதும் அதே துருவியில் நேராக ஆப்பிள் மேல் துருவிவிடுங்கள். உதிரி அழகாகவே வரும், கடிபடும் கட்டிதான் இருக்காது.

வெண்ணெய் எது என்பதும் முக்கியம். கடையில் கிடைக்கும் மஞ்சள் வெண்ணெயில் நூற்றுக்கு எண்பது கொழுப்பு, பதினாறு பங்கு தண்ணீர். பால்காரரிடம் வாங்கும் வெள்ளை வெண்ணெயில் மோர் நிற்கும். எவ்வளவு என்று சொல்ல முடியாது. ஐஸ் தண்ணீரில் இரண்டு மூன்று தடவை அலசி, கழுவின தண்ணீர் தெளிந்ததும் துணியில் ஒற்றி எடுத்து உறையவைத்தால் அருமையாக இருக்கும். நெய்யில் செய்ய ஆசைப்படுகிறவர்கள் 70 கிராம் போதும். நெய்யில் தண்ணீர் கிடையாது. உறைந்த நெய்யாக இருக்கட்டும். குளிர்ந்த பால் ஒரு தேக்கரண்டி தெளித்தால்தான் அங்கங்கே கட்டி பிடிக்கும். மணம் பிரமாதம், ஆனால் அது வேறு பண்டம்.

வெண்ணெயை ஏன் பாதிதான் போடுகிறோம், கூடப் போட்டால் என்ன என்று கேட்கிறவர்களுக்கு: இந்தப் பண்டம் பிரிட்டனில் வீட்டுக்கு வீடு பரவியது இரண்டாம் உலகப் போரின்போது. 1940 ஜனவரியில் அங்கே வெண்ணெய்க்கும் சர்க்கரைக்கும் ரேஷன் வந்துவிட்டது. ஆப்பிள் பை செய்யும் அளவுக்கு மாவும் வெண்ணெயும் இல்லாத வீடுகள் மேலே உதிரி தூவிச் சமாளித்தன. சிக்கனத்தில் வளர்ந்த அளவு அது, நன்றாகவும் வேலை செய்கிறது. கூடப் போட்டால் அவன் சூட்டில் வெண்ணெய் வழிந்து ஆப்பிளுக்குள் இறங்கி, மேலே எண்ணெய்ப் பசைதான் மிஞ்சும்.

"மேல வெள்ளையா இருக்கு, பச்சை மாவு வாசனை வருது"

முதலில் அவன் குமிழைப் பாருங்கள். ஓடிஜி அவனில் கீழ்க்கம்பி மட்டும், மேல்க்கம்பி மட்டும், இரண்டும் என்று ஒரு குமிழ் இருக்கும். போன வாரம் கேக் செய்தபோது கீழ்க்கம்பியில் வைத்தது அப்படியே இருக்கும். எனக்கு வரும் இந்தப் புகாரில் பாதி அந்தக் குமிழைத் திருப்பியதோடு முடிந்துவிடுகிறது. இதற்கு இரண்டு கம்பியும் வேண்டும், தட்டு நடு அடுக்கில் இருக்க வேண்டும்.

குமிழ் சரி என்றால் அடுத்தது கரண்ட். இதை நான் வியாசர்பாடியில் இருக்கும் சித்தி வீட்டில் கண்டுபிடித்தேன். அதே தட்டு, அதே மாவு. மத்தியானம் செய்தால் பொன்னிறம். ராத்திரி ஏழரைக்குச் செய்தால் ஒரு மணி நேரமாகியும் வெளுப்பு. ஃப்ரிட்ஜ் ஸ்டெபிலைசரில் எண் ஓடுமே, அதைப் பார்த்தேன். மத்தியானம் 230. ராத்திரி, தெரு முழுக்க ஏசி ஓடும் நேரத்தில், 195. கொஞ்சம்தானே குறைந்திருக்கிறது என்று தோன்றும். ஆனால் கம்பியின் சூடு வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது. 1500 வாட் அவன் 195 வோல்ட்டில் 1080 வாட் அளவுக்குத்தான் வேலை செய்யும். நாலில் ஒரு பங்குக்கு மேல் போய்விட்டது.

கண்டுபிடிக்க எளிய வழி இருக்கிறது. அவனின் சிவப்பு விளக்கு, சூடு ஏறியதும் அணைந்து, திரும்ப எரிந்து, மாறி மாறி வர வேண்டும். இருபத்தைந்து நிமிடமாகியும் ஒரு தடவைகூட அணையவில்லை என்றால் அவன் சொன்ன சூட்டைத் தொடவே இல்லை. காலையிலோ மத்தியானத்திலோ செய்யுங்கள். இல்லையென்றால் விளக்கு ஒரு முறை அணையும்வரை காத்திருந்து தட்டை உள்ளே வையுங்கள்.

அவனை எங்கே சொருகியிருக்கிறீர்கள் என்றும் பாருங்கள். 1500 வாட் என்றால் ஆறரை ஆம்பியர் இழுக்கும். மிக்ஸி சொருகும் சின்ன பிளக் பாயின்ட் 6 ஆம்பியருக்குத்தான். மெல்லிய வயர் எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் போட்டால் வழியிலேயே வோல்டேஜ் குறையும், வயரும் சூடாகும். தொட்டுப் பார்த்துச் சூடாக இருந்தால் அன்றைக்கே நிறுத்திவிடுங்கள். 16 ஆம்பியர் பவர் பாயின்ட்டில் நேராகச் சொருக வேண்டும். பழைய வீட்டில் அது சமையலறையில் இருக்காது, வாஷிங் மெஷின் பக்கம் இருக்கும். அவனை அங்கே தூக்கிக்கொண்டு போவதில் ஒன்றும் தப்பில்லை.

குமிழும் கரண்டும் சரி, ஆனால் குமிழில் காட்டும் சூடு உண்மையா என்று சந்தேகமா? சர்க்கரை வைத்துப் பார்க்கலாம். அலுமினியத் தாளைக் கிண்ணம் மாதிரி மடித்து ஒரு கரண்டி வெள்ளைச் சர்க்கரை போட்டு நடு அடுக்கில் வையுங்கள். சர்க்கரை உருகுவது சுமார் 186 டிகிரியில். 190-ல் கால் மணி வைத்தால் உருகத் தொடங்க வேண்டும். 175-ல் உருகக் கூடாது. 190-லும் அசையாமல் இருந்தால் உங்கள் அவன் குறைவாகச் சுடுகிறது. 205 வைத்து மறுபடி பாருங்கள்.

இதெல்லாம் இல்லாமல், மேல்மாவைக் கையால் அழுத்திச் சமன் செய்கிறவர்களும் உண்டு. அழுத்தினால் அது அடையாகிவிடும். கீழிருந்து வரும் ஆவிக்கு வழியில்லாமல் அடிப்பக்கம் பச்சையாகவே நிற்கும். சும்மா தூவி விடுங்கள், மேடு பள்ளமாகவே இருக்கட்டும்.

"மேல கருகிடுச்சு, ஆப்பிள் கடக்குங்குது"

மேல்க்கம்பிக்கு மிக அருகில் தட்டு இருக்கிறது, அல்லது துண்டு பெரிது. சின்ன அவனில் கம்பிக்கும் தட்டுக்கும் நாலு விரல் இடைவெளிகூட இருக்காது. ஒரு அடுக்கு கீழே இறக்குங்கள். இறக்க இடமில்லை என்றால் முதல் இருபத்தைந்து நிமிடம் அலுமினியத் தாளைத் தளர்வாக மூடி, அப்புறம் எடுத்துவிடுங்கள். ஆப்பிள் துண்டு கட்டைவிரல் நகத்தின் அகலம் போதும்.

வெளிநாட்டுப் பச்சை ஆப்பிள் கெட்டியான சாதி. அதை மட்டும் போட்டால் கடாயில் ஒரு கரண்டி வெண்ணெயில் ஐந்து நிமிடம் வதக்கிவிட்டுத் தட்டில் பரப்புவது நல்லது. நாட்டுச் சர்க்கரையை மேல்மாவில் போட்டிருந்தாலும் சீக்கிரம் நிறம் ஏறும். அதைக் கருகியது என்று நினைத்துப் பாதியில் எடுத்துவிடாதீர்கள். ஈர்க்குச்சியால் ஆப்பிளைக் குத்திப் பார்த்து எடுங்கள்.

"ஆப்பிள் கூழாயிடுச்சு"

பழசான பழம். குளிர் கிடங்கில் மாதக்கணக்கில் இருந்த சிவப்பு ஆப்பிள் வெளியே பளபளவென்று இருக்கும், உள்ளே மாவாக இருக்கும். விரலால் சுண்டிப் பாருங்கள். டங்கென்று கேட்டால் வாங்கலாம், பொத்தென்று கேட்டால் ஜூஸுக்குத்தான். வாங்கியாகிவிட்டது என்றால் துண்டைப் பெரிதாக நறுக்கி, எலுமிச்சைச் சாறு பிரட்டுங்கள். புளிப்பு இருந்தால் பழம் சீக்கிரம் குழையாது.

"ஒரே தித்திப்பு, ஆப்பிள் ருசியே தெரியல"

நோட்டில் ஆப்பிளுக்கு 115 கிராம் சர்க்கரை ஏன் என்று எனக்கும் நெடுநாள் புரியவில்லை. இங்கிலாந்தில் சமையலுக்கென்றே ஒரு ஆப்பிள் இருக்கிறது, பிராம்லி என்று பெயர். 1809-ல் சவுத்வெல் என்ற ஊரில் மேரி ஆன் பிரெயில்ஸ்ஃபோர்ட் என்ற சிறுமி போட்ட விதையிலிருந்து வந்த மரம். பச்சையாகக் கடித்தால் பல் கூசும் புளிப்பு. ஆன்ட்டியின் குறிப்பு அவர் அம்மா கொடுத்தது. அந்தச் சர்க்கரை அப்படிப்பட்ட புளிப்புக்குப் போட்ட கணக்கு. ஆயா காலத்தில் கொடைக்கானல், நீலகிரி பக்கத்துச் சின்னப் புளிப்பு ஆப்பிள் வாங்குவார்களாம், அதனால் ஒத்துப்போயிருக்கிறது. இப்போது நாம் வாங்கும் சிம்லா பழமும் காஷ்மீர் பழமும் தின்பதற்கான பழம். புளிப்பு மிகக் குறைவு. அதில் 115 கிராம் போட்டால் ஜாம்தான்.

பெரம்பூர் மார்க்கெட்டில் நான் வழக்கமாக வாங்கும் பழக்கடை அக்காவிடம் கேட்டுத்தான் வாங்குவேன்.

"அக்கா, இது சாப்பிடற பழமா, கொஞ்சம் புளிக்குமா?"

"சிம்லா பழம்மா, சர்க்கரை மாதிரி இருக்கும். உனுக்கு அந்த ஆப்பிள் பலகாரத்துக்குத்தான? பச்சைல ரெண்டு எடுத்துக்கோ, கலந்துப் போடு."

அவர் சொன்னதுதான் என் அளவும். சிவப்பு 400 கிராம், பச்சை 280 கிராம். சர்க்கரை 40 கிராம். பச்சை ஆப்பிள் விலை கட்டுப்படி ஆகவில்லை என்றால் சிவப்பே முழுக்கப் போட்டு, சர்க்கரை இரண்டு தேக்கரண்டியாகக் குறைத்து, ஒரு முழு எலுமிச்சம்பழம் பிழியுங்கள். ஏப்ரல், மே மாதத்தில் நான் கால் பங்கு கிளிமூக்கு மாங்காய் சீவிப் போடுகிறேன். ஆன்ட்டி ஒத்துக்கொள்வாரா தெரியாது, ஆயாவுக்கு ரொம்பப் பிடித்தது. இமாச்சலப் பழம் ஜூலைக் கடைசியிலிருந்து அக்டோபர் வரைக்கும் புதிதாக வரும். முதல் தடவை செய்கிறவர்கள் அந்த மாதங்களில் தொடங்குங்கள், பாதிப் பிரச்சினை வராது.

மணம் போதவில்லை என்றால் பட்டையைப் பாருங்கள். மளிகையில் கிடைப்பது பெரும்பாலும் தடித்த பிரியாணிப் பட்டை. அது காரமாக இருக்கும். கோவிந்தப்ப நாயக்கன் தெரு மளிகைக் கடைகளில் சுருட்டுப் பட்டை என்று கேளுங்கள். காகிதம் மாதிரி மெல்லிய தாள் பல அடுக்காகச் சுருண்டிருக்கும், விரலில் நொறுங்கும். அதுதான் ஆப்பிளுக்குச் சேரும். அன்றன்றைக்கே பொடியுங்கள்.

"உப்புக் கரிக்குது" அல்லது "இரும்பு வாசனை"

உப்பு என்றால், ரொட்டிக்குத் தடவும் உப்பு வெண்ணெய் போட்டிருக்கிறீர்கள். உப்பில்லாதது கேட்டு வாங்குங்கள். கிடைக்காவிட்டால் வேறெங்கும் உப்புச் சேர்க்காதீர்கள். உலோக வாசனை என்றால் அலுமினியத் தட்டு. ஆப்பிளின் புளிப்பு அதைத் தின்னும். கண்ணாடி, பீங்கான், எவர்சில்வர் எதுவும் சரி. கண்ணாடித் தட்டை ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து நேராகச் சூட்டுக்குள் வைக்காதீர்கள், விரிசல் விட்டுவிடும். அதனால்தான் மேல்மாவை மட்டும் குளிர வைக்கிறேன், ஆப்பிள் தட்டை வைப்பதில்லை.

"எங்க வீட்ல அவனே இல்லக்கா"

அந்தக் காலத்தில் ஆயா வீட்டிலும் இல்லை. ஆன்ட்டி வீட்டிலேயே கரி அடுப்பில் தேக்சாவை வைத்து, மூடிமேல் தணல் போட்டுத்தான் செய்திருக்கிறார்கள். கீழேயும் நெருப்பு, மேலேயும் நெருப்பு. குக்கரில் மணல் போட்டுச் செய்தால் கீழ்ச்சூடு மட்டும்தான். மேல்மாவு கடைசிவரை வெளுப்பாகவே இருக்கும். எவ்வளவு நேரம் வைத்தாலும் அதுதான்.

அதனால் இரண்டையும் தனித்தனியாகச் செய்துவிடுங்கள். ஆப்பிளைச் சர்க்கரை, கிராம்பு, எலுமிச்சையோடு கனமான பாத்திரத்தில் மூடி பத்து நிமிடம், திறந்து ஐந்து நிமிடம். மேல்மாவை அடிகனமான கடாயில் மிகச் சிறு தீயில், ரவை வறுப்பது போலக் கிளறிக்கொண்டே பதினைந்து நிமிடம். முதலில் வெண்ணெய் உருகி ஈரமாக, கெட்டுப்போனது போலத் தெரியும். பயப்படாமல் கிளறுங்கள். பத்தாவது நிமிடத்தில் நெய் மணம் வந்து பிரியத் தொடங்கும். தாம்பாளத்தில் கொட்டி ஆறவிட்டால் மொறுமொறுப்பாகும். சாப்பிடும்போது தூவிக்கொள்ளலாம்.

மைக்ரோவேவ் என்றால் கன்வெக்‌ஷன் இருந்தால்தான். சும்மா மைக்ரோவேவில் மேல்மாவு வேகும், ஆனால் மொறுமொறுப்பு வராது.

"மறுநாள் நமுத்துப்போச்சு"

சூட்டோடு மூடியிருப்பீர்கள். ஆவி மூடியில் பட்டுச் சொட்டும். முழுக்க ஆறிய பிறகே மூட வேண்டும். ராயபுரம், திருவொற்றியூர் பக்கம் கடல்காற்று வீட்டுக்குள்ளேயே வரும். அங்கே ஆறிய தட்டை வெளியே விட்டாலும் இரண்டு மணி நேரத்தில் நமுத்துவிடும். உடனே ஃப்ரிட்ஜில் வையுங்கள். திரும்பச் சூடாக்கும்போது மூடாமல், 180 டிகிரியில் பத்து நிமிடம். முந்தின நாளே செய்துவைக்க வேண்டும் என்றால் மேல்மாவைத் தூவாமல் ஃப்ரீசரில் டப்பாவில் வைத்துவிடுங்கள். ஒரு மாதம் வரை நன்றாகவே இருக்கும், உருக விடாமல் நேராகத் தூவலாம்.

"கஸ்டர்டுல கட்டி கட்டியா இருக்கு"

பண்டம் நன்றாக வந்து, அதன் மேல் ஊற்றும் கஸ்டர்டில் சறுக்கினால் மனசு தாங்காது. பொடியைச் சூடான பாலில் நேராகப் போட்டிருப்பீர்கள். அது நிறமும் வாசனையும் சேர்த்த சோளமாவு. சூட்டில் வெளிப்பக்கம் உடனே வெந்து உள்ளே பொடியைப் பூட்டிக்கொள்ளும். அரை லிட்டர் பாலில் அரை டம்ளரைப் பச்சையாகவே எடுத்துவைத்து, அதில் இரண்டு மேசைக்கரண்டி பொடியைக் கரைத்து, மீதிப் பால் கொதி வந்ததும் தீயைக் குறைத்து, ஒரு கையால் ஊற்றி ஒரு கையால் கிளறுங்கள். கொதித்த பிறகும் ஒரு நிமிடம் அடுப்பில் இருக்கட்டும், மாவு வாசனை போய்விடும். ஏற்கெனவே கட்டி விழுந்திருந்தால் டீ வடிகட்டியில் ஊற்றிக் கரண்டியால் தேய்த்து இறக்கிவிடுங்கள். ஆடை படியாமல் இருக்க, ஆறும்வரை மேலே ஒரு தட்டைக் கவிழ்க்காமல் அவ்வப்போது கிளறிவிட்டாலே போதும். ஆயா கஸ்டர்டை எப்போதும் சூடாகத்தான் ஊற்றுவார், ஆறிய உதிரியின் மேல், கிண்ணத்தின் ஒரு பக்கமாக, மறுபக்கத்து மாவு நனையாதபடி.